நாலு வருஷப் பட்டாளம்: சிலமலைத் தாய் கேட்ட கேள்வி

விடியற்காலை நாலரை மணிக்கு சிலமலையில் ரோட்டோரம் நிற்பவர்கள் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். ஒன்று பெண்கள் கூட்டம். தூக்குவாளி, தலைக்குக் கட்டத் துண்டு, மழைக்குப் போர்த்த பிளாஸ்டிக் தாள், இவற்றோடு ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். அந்த ஜீப் அவர்களை நெருக்கியடித்து ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரள எல்லை தாண்டி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடும். அட்டைக்கடிக்கு நடுவே, தூரடியில் குனிந்து நாள் முழுக்கக் காய் பறிக்க வேண்டும். இன்னொரு கூட்டம் வாலிபர்கள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது வயசு. பனியனும் அரைக்கால் சட்டையுமாக இருட்டில் ஓடுவார்கள். 1,600 மீட்டர் தூரத்தை ஐந்தரை நிமிஷத்தில் ஓடி முடித்தால் முழு மார்க். ஒருவன் கையில் போனை வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பான்.

ஓடுகிற பையன்களில் பல பேருக்குத் தாய், ஜீப்புக்கு நிற்கிற அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள்.

அப்படி ஒரு தாய், தன் மகன் பட்டாளத்துக்குத் தேர்வாகிவிட்டான் என்று நம்மிடம் வந்து சொன்னார். அவரை நமக்குப் பல வருஷமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறோம். மிட்டாய் கொடுத்தார். வாயெல்லாம் சிரிப்பு. மிட்டாயை நாம் வாயில் போடுமுன்னே கண் கலங்கிவிட்டது.

"தோழர் தம்பி, ஒன்னு கேக்கணும். இவனைப் போகச் சொல்லவா, வேணாம்னு சொல்லவா?"

நமக்கு உடனே பதில் வரவில்லை. அக்னிபத் திட்டத்தை எதிர்த்து எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். போடியில் தெருமுனையில் நின்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம். அதையெல்லாம் ஒரு தாய் எதிரே நின்று, "என் பிள்ளைக்கு என்ன சொல்ல?" என்று கேட்கும்போது அப்படியே ஒப்பித்துவிட முடியுமா?

அவருடைய சந்தோஷம் என்ன என்று முதலில் கேட்போம். மகன் ஜீப்பில் ஏற வேண்டியதில்லை. திண்டுக்கல், திருப்பூர் என்று ஆள் தரகனோடு போக வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம். உடுப்புப் போட்டு ஊருக்குள் வந்தால், "ஏய்" என்று கூப்பிட்டவனும் "வாப்பா" என்று கூப்பிடுவான். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. நம் கிராமங்களில் மரியாதை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று அறிந்தவர்கள் அந்தத் தாயின் பெருமையைக் கேலி செய்ய மாட்டார்கள்.

பயம் என்ன? அதை அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "எல்லை." குன்னூருக்குப் பக்கத்தில் வெல்லிங்டனில்தான் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது என்று நாம் சொன்னோம். "குன்னூருன்னா கிட்டக்கத்தான். அங்கேயே வச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். பயிற்சி முடிந்த பிறகு காஷ்மீரோ, லடாக்கோ, வடகிழக்கு மலையோ, எங்கே அனுப்புவார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

சந்தோஷமும் பயமும் எல்லாத் தாய்க்கும் உண்டு. அந்தத் தாய் மூன்றாவதாக ஒன்றும் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சேதி வந்ததும் நான் மொதல்ல என்ன நெனச்சேன் தெரியுமா? எம்புட்டுச் சம்பளம்னு நெனச்சேன். அப்புறந்தான் பிள்ளைய நெனச்சேன். ராத்திரி பூரா தூக்கம் இல்ல. காசுக்கு அனுப்புறேனோ?"

தோழர்களே, இந்த வெட்கம் யாருக்கு வர வேண்டியது? ஒரு தாய் தன் மகனின் சம்பளத்தைக் கணக்குப் போட்டதற்காக ராத்திரி தூங்காமல் கிடக்கிறாள். அந்தச் சம்பளத்தை எப்படிக் குறைக்கலாம், பென்ஷனை எப்படி ஒழிக்கலாம் என்று டில்லியில் கணக்குப் போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்!

அந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். நமது வாசகர்களுக்குக் கூலிக் கணக்கு புதிதல்ல.

2022 ஜூன் 14-ஆம் தேதி மத்திய சர்க்கார் அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. பதினேழரை வயசிலிருந்து 21 வயசுக்குள் இருப்பவர்களை நாலு வருஷத்துக்கு மட்டும் எடுப்பதாக அன்று சொன்னார்கள். முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய். ஆனால் அதில் நூற்றுக்கு முப்பது, அதாவது 9,000 ரூபாயைப் பிடித்துக்கொள்வார்கள். கைக்கு வருவது 21,000. நாலாவது வருஷம் 40,000 என்று பெயர். பிடித்தம் போகக் கைக்கு 28,000. இப்படி நாலு வருஷம் பிடித்த பணம் 5 லட்சத்து 2 ஆயிரம். சர்க்கார் அதே அளவு போடும். வட்டியோடு சேர்த்து வெளியே வரும்போது 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் மொத்தமாகத் தருவார்களாம். நூற்றுக்கு அதிகபட்சம் இருபத்தைந்து பேரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்ற எழுபத்தைந்து பேருக்கு? வீட்டுக்குப் போகலாம். பென்ஷன் இல்லை. கிராஜுட்டி இல்லை. பழைய சிப்பாய் பதினைந்து வருஷம் ஊழியம் செய்தால் ஆயுள் வரைக்கும் பென்ஷன் வாங்கினான். ராணுவ ஆஸ்பத்திரியும் கேண்டீனும் அவன் குடும்பத்துக்கு உண்டு. இவனுக்கு அது எதுவும் கிடையாது.

இதை நாம் அந்தத் தாய்க்கு விளக்கிச் சொல்லத் தொடங்கினோம். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"தெரியும் தம்பி. பெரியவளுக்கும் கடைசியில மொத்தமாத் தர்றேன்னுதான் சொன்னாங்க."

நாம் வாயடைத்து நின்றோம்.

அவரை நாம் அறிந்த கதை அதுதான். 2009-இல் அவருடைய மூத்த மகளை, பதினாறு வயசுப் பெண்ணை, திண்டுக்கல் பக்கம் ஒரு பஞ்சாலைக்கு ஆள் தரகன் அழைத்துப் போனான். மில்லின் பெயர் இங்கே வேண்டாம். சுமங்கலித் திட்டம் என்ற பெயரை மில் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். மாதா மாதம் கொஞ்சம் கையில். மூன்று வருஷம் முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அந்தப் பெண்ணுக்குச் சொன்னது 35,000 ரூபாய். இரண்டு வருஷமும் எட்டு மாதமும் ஆனபோது பஞ்சுத் தூசியில் நெஞ்சு கட்டி, இருமலோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று வருஷம் முடியவில்லை, பணம் இல்லை என்றார்கள். நாமும் சங்கத் தோழர்கள் இரண்டு பேரும் அந்தத் தாயை அழைத்துக்கொண்டு மில் கேட்டில் நின்றோம். உள்ளே விடவில்லை. மூன்று தடவை போனோம். கடைசியில் பாதித் தொகை வந்தது. இதை வெற்றி என்று நாம் அப்போது எழுதியதாக ஞாபகம். இன்று அப்படி எழுத மனம் வராது.

ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சர்க்கார் அந்த மில் முதலாளியைப் போலப் பணத்தை அமுக்கிக்கொள்ளாது. 11 லட்சம் என்று எழுதிக் கொடுத்தால் 11 லட்சம் வரும். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு திட்டத்தின் எலும்பும் ஒன்றாக இருப்பதை அந்தத் தாய் நமக்கு முன்னே கண்டுகொண்டார். ஏழை வீட்டுப் பிள்ளையின் உடம்பில் தெம்பு இருக்கிற வயசை மட்டும் எடுத்துக்கொள்வது. சம்பளத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து அதையே பரிசு போல் கடைசியில் நீட்டுவது. நிரந்தரம் என்ற சொல்லே இல்லாமல் பார்த்துக்கொள்வது. கிராஜுட்டிக்கு ஐந்து வருஷம் என்று 1972-ஆம் வருஷச் சட்டம் வகுத்தபோது, நாலாம் வருஷக் கடைசியில் ஆளை நிறுத்தி மறுபடி புதிதாகச் சேர்த்துக்கொண்ட முதலாளிகள் எத்தனை பேர்! மில் வாசலில் கற்ற வித்தை பாசறை வாசலுக்குப் போய்விட்டது.

ஏன் இப்படி? பென்ஷன் செலவு தாங்க முடியவில்லை என்பதே எல்லாருக்கும் தெரிந்த காரணம். 2022-23 பட்ஜெட்டில் ராணுவ பென்ஷனுக்கு 1 லட்சத்து 19 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். பெரிய தொகைதான். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2019 செப்டம்பரில், இதே சர்க்கார் கம்பெனிகளின் வருமான வரியை நூற்றுக்கு முப்பதிலிருந்து இருபத்திரண்டாகக் குறைத்தது. அதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வரவு போகும் என்று சொன்னது நாமல்ல, நிதி மந்திரியே சொன்னார். அந்தப் பாரத்தைத் தாங்கிய கஜானாவுக்குச் சிப்பாயின் பென்ஷன் மட்டும் எப்படிப் பாரமாயிற்று?

திட்டம் வந்தபோது நாட்டில் நடந்தது நினைவிருக்கும். கொரோனாவைக் காரணம் காட்டி இரண்டு வருஷம் ஆள் எடுக்காமல் விட்டார்கள். ஓட்டத்திலும் உடல் பரிசோதனையிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்த பையன்களுக்குக் கடைசியில் கிடைத்தது நாலு வருஷ அறிவிப்பு. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ரயில்கள் எரிந்தன. 2022 ஜூன் 17-ஆம் தேதி செகந்திராபாத் ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு வாலிபர் மாண்டார். டில்லி ஹைகோர்ட் 2023 பிப்ரவரியில் திட்டம் செல்லும் என்றது; ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்தது. கோர்ட்டில் தோற்ற வழக்கு ஜனங்களிடையே முடிந்துவிடுவதில்லை.

வெளியே வருகிறவர்களுக்கு மத்திய போலீஸ் படைகளில் ஒதுக்கீடு, மற்ற வேலைகளில் முன்னுரிமை என்று அறிவிப்புகள் வருகின்றன. வரட்டும். ஆனால் ஒதுக்கீடு என்றால் வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான். முதல் அணி சேர்ந்தது 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும். அவர்களுக்கு நாலு வருஷக் கெடு 2026 முடிவிலும் 2027 தொடக்கத்திலும் வருகிறது. எத்தனை பேர் வேலையோடு நிற்கிறார்கள், எத்தனை பேர் ஏ.டி.எம். வாசலில் காவலாளியாக உட்காருகிறார்கள் என்பதை ஊர் ஊராக நாம் எண்ண வேண்டும்.

அந்தத் தாயின் மனசு இரண்டாகக் கிடப்பதைச் சரிப்படுத்த இரண்டு தரப்பார் ஓடி வருகிறார்கள்.

ஒரு தரப்பார் மேடைப் பேச்சாளர்கள். இவர்களுக்குப் புறநானூறு என்றால் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு ஒன்றுதான். முன்பே போரில் சொந்தங்களை இழந்தவள் ஒரே மகனையும் போருக்கு அனுப்பிய வீரத்தாயைப் பார், நீ ஏன் அழுகிறாய் என்று கேட்பார்கள். பாட்டை முழுக்கப் படித்தால், பாடிய புலவரே அந்தத் துணிவைக் கண்டு நடுங்குகிறார் என்பது விளங்கும். போகட்டும். அந்த மறக்குடித் தாயிடம் எந்த மன்னனாவது, "நாலு வருஷம் கழித்து உன் மகன் எங்களுக்கு யாரோ" என்று எழுதி வாங்கிக்கொண்டானா? இந்தப் பேச்சாளர்களின் சொந்தப் பிள்ளைகள் எந்த ஊரில் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டால் கோபம் வரும், நாம் கேட்கவில்லை.

இன்னொரு தரப்பார் நம்மிடமே இருக்கிறார்கள். ஒரு கிளைக் கூட்டத்தில் இந்த விஷயத்தைச் சொன்னபோது ஓர் இளம் தோழர், "ராணுவம் ஆளும் வர்க்கத்தின் கருவி. போகாதே என்று சொல்வதுதான் சரி" என்றார். புத்தகத்தில் படித்ததைச் சொன்னார், படித்தது நல்லதே. ஆனால் போகாதே என்று சொல்லிவிட்டு அவனுக்கு எதைக் காட்டப் போகிறோம்? ஏலத்தோட்ட ஜீப்பையா, மில் விடுதியையா? 1930 ஏப்ரல் 23-ஆம் தேதி பெஷாவரில், ஆயுதமில்லாத பட்டாணிய ஜனங்கள் மேல் சுட மாட்டோம் என்று மறுத்தவர்கள் யார்? கார்வால் படைச் சிப்பாய்கள். அவர்களுக்கு முன்னின்ற சந்திர சிங் கார்வாலி ஜெயிலில் பல வருஷம் கிடந்தார். பிறகு கம்யூனிஸ்ட் ஆனார். 1946 பிப்ரவரியில் பம்பாயில் மாலுமிகள் வெள்ளையனை எதிர்த்து எழுந்தபோது, அவர்களுக்காக வேலை நிறுத்தம் செய்து குண்டடி பட்டவர்கள் மில் தொழிலாளிகள். உடுப்புக்குள் இருப்பவன் நம் வீட்டுப் பிள்ளை என்று அன்றைய தொழிலாளிக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இளம் தோழர் பதில் பேசவில்லை. யோசிக்கிறார் என்று நம்புகிறோம்.

இப்போது எல்லைக்கு வருவோம். அந்தத் தாய் ஒரே வார்த்தையில் முடித்த பயம் வீண் பயமா?

ஆந்திரத்தில் ஸ்ரீ சத்யசாய் மாவட்டத்தில் கள்ளித்தண்டா என்று ஒரு சிறு கிராமம். அங்கே பிறந்த முரளி நாயக் ஓர் அக்னிவீரர். பெற்றோருக்கு ஒரே மகன். பிழைப்புக்காகப் பம்பாய் போன கூலிக் குடும்பம். தாய் வீட்டு வேலை செய்தவர். அந்த வாலிபர், 2025 மே 9-ஆம் தேதி, பாகிஸ்தானோடு மோதல் நடந்த நாட்களில், காஷ்மீர் எல்லையில் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். தேசியக் கொடி போர்த்தி, துப்பாக்கி மரியாதையோடு அடக்கம் நடந்தது. மந்திரிகள் வந்தார்கள். இழப்பீட்டுத் தொகையும் கிடைத்தது. அதை நாம் மறைக்கவில்லை. அக்னிவீரர் ஊழியத்தில் மாண்டால் 48 லட்சம் இன்ஷூரன்ஸ், கடமையில் மாண்டால் அதற்கு மேல் 44 லட்சம் என்பது விதி. கிடைக்காதது குடும்ப பென்ஷன். பக்கத்துப் பதுங்குகுழியில் நிரந்தரச் சிப்பாய் அதே குண்டுக்கு மாண்டால், அவன் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் குடும்பத்துக்கு மாதா மாதம் வரும். அக்னிவீரன் குடும்பத்துக்கு அது இல்லை.

முரளி நாயக்கின் தாய் என்ன செய்தார்? அழுது ஓயவில்லை. 2025-இல் பம்பாய் ஹைகோர்ட்டில் மனுப் போட்டார். ஒரே வேலை, ஒரே ஆபத்து, ஒரே சாவு. பிறகு ஏன் வேற்றுமை என்பதுதான் அந்த மனுவின் சாரம். வீட்டு வேலை செய்து மகனை வளர்த்த ஒரு தாய் சர்க்காரைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறார். இந்தத் தாயைப் பற்றி மேடைப் பேச்சாளர்கள் ஏன் பேசுவதில்லை?

இதை சிலமலைத் தாயிடம் சொல்வதா வேண்டாமா என்று நமக்குத் தயக்கம். மகன் கிளம்பும் நேரத்தில் சாவுக் கதையா? ஆனால் மறைப்பதும் ஏமாற்றுத்தான் என்று சொல்லிவிட்டோம். பொறுமையாகக் கேட்டார். "அந்தம்மாவுக்கு ஒரே பிள்ளையா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் முதலில் கேட்ட கேள்விக்கு நாம் கடைசியில் சொன்ன பதில் இது: "அக்கா, அவன் ஆசைப்பட்டுப் போகிறான். தடுக்காதீர்கள். சம்பளத்தை நினைத்தது பாவமில்லை. உழைக்கிறவன் கூலியை நினைக்காமல் எதை நினைப்பான்? ஆனால் நாலு வருஷம்தான் என்று எழுதியிருக்கிறதே, அதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம், எழுதியவனைக் கேட்போம். எடுத்த பிள்ளைகள் எல்லாரையும் நிரந்தரமாக்கு, பென்ஷன் கொடு, மாண்டவன் குடும்பத்துக்குள் இரண்டு சாதி வைக்காதே என்று கேட்போம். அடுத்த தடவை போடியில் கூட்டம் போட்டால் நீங்கள் வர வேண்டும்."

"நான் என்னத்தப் பேசுவேன்?" என்றார்.

"பெரியவள் கதையையும் சின்னவன் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், போதும்" என்றோம்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். கூட்டம் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஜீப் இல்லை, வரலாம் என்றும் சொன்னார். தேதி வைக்கும்போது தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏலக்காய் பறிக்கிற பெண்களை வேலை நாளில் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு, மாதர் வரவில்லை என்று ரிப்போர்ட் எழுதுகிற வழக்கம் நம்மிடம் உண்டு.

இன்னொன்றும் நடந்தது. பையன் கொண்டுபோக வேண்டிய காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பாங்குக் கணக்கு. அதோடு வாரிசாகப் போடத் தாயின் ஆதார் நகலும் பாஸ்புத்தகமும் வேண்டும் என்று கேட்டான். வாரிசு என்றால் என்ன என்று தாய் கேட்டார். பையன் மழுப்பினான். நம்மைப் பார்த்தார். நாம் சொன்னோம்: அவனுக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் பணம் யார் பேருக்கு வர வேண்டும் என்று எழுதுகிற இடம்.

"அதுக்கு என் பேரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லையாம். அப்பா பெயரைப் போட்டுக்கொள், அக்காள் பெயரைப் போட்டுக்கொள், என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

மூன்றாம் நாள் விடியற்காலை பையன் ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது தாய் ஜீப்பில் போயாகிவிட்டது. பாஸ்புத்தகமும் ஆதாரும் விளக்கு மாடத்தில் இருந்தன. பறக்காமலிருக்க மேலே தீப்பெட்டியை வைத்திருந்தார்.